ஊழியர் உதவி நிதி: பணம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் வட்டாரங்களில் ஊழியம் செய்யும் நாங்கள் 14 பேர் மாதம் ஒருமுறை கூடி ஜெபிக்கிறோம். மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையாரும் இருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு சகோதரருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது வாட்ஸ்அப்பில் கேட்டு அவசரமாகப் பணம் திரட்டினோம். இனி ஆளுக்கு மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) போட்டு நிரந்தர நிதி வைக்க ஆசை. எங்கள் பொருளாளர் தன் வங்கிக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். இன்னொருவரோ 3,500 வெள்ளி கொடுத்தால் ‘மினிஸ்ட்ரி’ பெயரில் பதிவு செய்து கணக்கும் திறந்து தருவதாகச் சொல்கிறார். எது சரி? ஒருவர் நோயில் படுத்தால் அவர் சபையை மற்றவர்கள் கவனிக்கவும் வழி சொல்லுங்கள். (ஒரு சுவிசேஷகர், செந்தூல்)

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரரே.

உங்கள் பொருளாளர் உத்தமராகவே இருக்கட்டும், சிக்கல் அவர் குணத்தில் இல்லை. அவர் பெயரில் உள்ள கணக்கிலிருக்கும் பணத்தை வங்கி அவருடையதாகத்தான் பார்க்கும். நாளை அவர் தவறிவிட்டால் கணக்கு முடக்கப்படும், பணம் அவருடைய சொத்தோடு சேர்ந்துவிடும். துக்க வீட்டில் அவர் மனைவியிடம் போய் “அம்மா, இதில் 6,000 வெள்ளி ஊழியர்களுடையது” என்று நிற்பீர்களா? அந்த அம்மா கொடுக்க நினைத்தாலும் சொத்து நிர்வாகப் பத்திரம் கைக்கு வரும்வரை ஒரு காசு எடுக்க முடியாது. பொருளாளர் கடன்பட்டுத் திவாலானாலும் இதே கதிதான்.

3,500 வெள்ளிக்காரர் விஷயம் இதைவிட மோசம். எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். இப்படி ‘மினிஸ்ட்ரி’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் செய்து தருவது எஸ்.எஸ்.எம். எனப்படும் கம்பெனிகள் ஆணைய அலுவலகத்தில் ஓர் எண்டர்பிரைஸ், அதாவது சிறு வியாபாரப் பதிவு. ஆண்டுக்கு 60 வெள்ளிக் கட்டணத்தில் எவரும் தாமே செய்துகொள்ளலாம். அது தனி ஆள் வியாபாரம். பெயர்ப் பலகையில் எத்தனை ஆவிக்குரிய பெயர் இருந்தாலும், பதிவு விவரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் ஒருவருடைய அடையாள அட்டை எண் இருக்கும். பணம் அவருடையது. வங்கிக் கணக்கு ‘மினிஸ்ட்ரிஸ்’ என்று முடிவதால் நம்முடையது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காணிக்கை போடுகிறவர்கள் ஏராளம். இந்தத் தரகர்கள் ஜெபத்தோடு பேச்சைத் தொடங்குவார்கள், இரண்டு போதகர்களின் பெயரைச் சொல்வார்கள், பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். கம்பெனிச் செயலாளர், கணக்குத் தாக்கல் செலவு என்று ஆண்டுதோறும் உங்கள் நிதியில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும்.

சரியான வழி சங்கப் பதிவிலாகா. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது சங்கம், பதிவில்லாமல் நடத்தக் கூடாது. நீங்கள் 14 பேர். “ஆறு ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். விண்ணப்பம் முழுவதும் ஈரோசஸ் என்ற இணைய முறையில்தான். அரசாங்கக் கட்டணம் சில பத்து வெள்ளியைத் தாண்டாது. வகை கேட்குமிடத்தில் ‘அகாமா’ (சமயம்) என்று போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு உரியது ‘ஃபயடா பெர்சாமா’, அதாவது பரஸ்பர உதவிச் சங்கம். நம் மரண சகாய நிதிகள் வருகிற வகை அது. உறுப்பினருக்கும் குடும்பத்தாருக்கும் நோயிலும் மரணத்திலும் உதவுவதற்காகவே சட்டத்தில் அதற்குத் தனிப் பாகம் இருக்கிறது.

தேவையானவை: அமைப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு, தற்காலிக நிர்வாகக் குழுப் பட்டியல், முகவரி, மலாய் மொழியில் சட்டவிதிகள். மாதிரிச் சட்டவிதி இலாகாவிடமே கிடைக்கும், அதன் வாக்கியங்களை அழகுபடுத்தாமல் அப்படியே எடுங்கள். ஒரு விதியின் எண் மாறியதற்காக முழு விண்ணப்பமும் திரும்பி வரும், மாதங்கள் ஓடும், ஏன் என்று கேட்டால் பதில் ஒற்றை வரியில் இருக்கும். தரகர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தினால்தான். மலாய் நன்றாக எழுதும் ஒரு பள்ளி ஆசிரியை எந்தச் சபையிலும் இருப்பார். அவரை உட்கார வைத்தால் இரண்டு மாலையில் வேலை முடியும். இந்தியாவிலிருந்து வந்து ஊழியம் செய்பவர் உங்களில் இருந்தால் அவரை நிர்வாகப் பதவியில் போடாதீர்கள், பதவியாளர்கள் குடிமக்களாக இருக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே சங்கத்தின் பெயரில் கணக்கு. காசோலைக்கு இரண்டு கையெழுத்து, பொருளாளர் கையில் 200 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இல்லை என்று விதியிலேயே எழுதுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இதை மறந்து பதிவை இழந்த சங்கங்கள் எத்தனையோ.

இனிப் பணக்கணக்கு. 14 பேர், 50 வெள்ளி, மாதம் 700. முதல் ஆறு மாதம் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள், 4,200 சேரும். அதன்பின் ஒருவருக்கு ஒரு தடவை அதிகபட்சம் 1,500 என்று வையுங்கள். 2,500 என்று வைத்தால் ஒரே மாதத்தில் இருவர் படுத்தாலே நிதி காலி, மூன்றாமவருக்கு வெறும் கை. அந்த மூன்றாமவர் மனக்கசப்போடு விலகுவார், ஜெபக்கூட்டமும் அவரோடு உடையும். ‘கட்டாயம் இத்தனை வெள்ளி கிடைக்கும்’ என்று எங்கும் எழுதாதீர்கள், அது காப்புறுதி வியாபாரத்தின் பேச்சு. மாதம் ஒருவருக்கு மொத்தப் பணத்தையும் சுற்றுமுறையில் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது கூட்டு. நம் சொல்லையே பெயரில் தாங்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடைசெய்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு என்றதும் நிதியில் கை வைக்க வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் குடிமகன் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 வெள்ளிதான். பாரமாவது உடலுக்குள் பொருத்தும் சாதனங்களின் விலை. அதற்கு வார்டிலேயே மருத்துவச் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். மருத்துவ உதவி நிதிக்கு அவர் மூலம்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி வேன் கட்டணம், மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு உங்கள் நிதியை வையுங்கள்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். சபையில் மாதாமாதம் பணம் பெறுகிறவர் உங்களில் யார், காணிக்கையை மட்டும் நம்பி ஊழியம் செய்பவர் யார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சபை ஒருவருக்கு மாதம் 1,800 வெள்ளி கொடுக்கிறது, நேரம் குறிக்கிறது, விடுமுறைக்கு அனுமதி கேட்கச் சொல்கிறது என்றால், அதை ‘அன்பின் காணிக்கை’ என்று அழைத்தாலும் அது சம்பளமே. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாய்ச்சொல் ஒப்பந்தம் போதும். அவருக்குச் சபை 13 விழுக்காடு, அதாவது 234 வெள்ளி, ஊழியர் சேமநிதியில் (இ.பி.எப்.) கட்ட வேண்டும். அவர் பங்கு 11 விழுக்காடு, 198 வெள்ளி. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் இரண்டும் போய்ச்சேர வேண்டும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் உண்டு. கட்டாவிட்டால் சபைக் குழுவில் இருப்பவர்களே தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார்கள், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் பணம் இருக்கிறது, முப்பது வருடம் உழைத்த போதகருக்குச் சேமநிதி மட்டும் இல்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் 50 வெள்ளி நிதி, சபை செய்யத் தவறிய கடமைக்கு முட்டுக்கொடுக்கும் நிதியாகிவிடக் கூடாது. சேமநிதி இல்லாத ஊழியரை அழைத்துக்கொண்டு இரண்டு மூத்த போதகர்கள் அவர் சபைக் குழுவிடம் போய்ப் பேசுங்கள். அவர் தனியாகக் கேட்டால் ‘விசுவாசக் குறைவு’ என்பார்கள். காணிக்கையை மட்டும் நம்பியிருப்பவர் 60 வயதுக்குள் என்றால் சேமநிதியின் ஐ-சரான் என்ற சுயசேமிப்புத் திட்டத்தில் தாமே சேரலாம். இப்போதைய விதிப்படி ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசாங்கம் 500 சேர்க்கும்.

பிரசங்க மேடைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை, எல்லோரும் நலமாக இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மாற்றாகப் போகிறவர் அந்தச் சபையாரின் தொலைபேசி எண்களை வாங்கக் கூடாது, அழைக்காமல் வீட்டு ஜெபத்துக்குப் போகக் கூடாது, தன் சபைக் கூட்டத்துக்கு அங்கே அழைப்பு விடுக்கக் கூடாது. இத்தகைய ஏற்பாடுகள் ‘ஆடு திருடும்’, அதாவது அடுத்த சபையாரைத் தன் சபைக்கு இழுக்கும் சந்தேகத்தில்தான் முறிகின்றன. அன்றைய காணிக்கை எப்போதும்போல் அந்தச் சபைக்கே, பிரசங்கியாருக்குப் பெட்ரோல் செலவு உங்கள் நிதியிலிருந்து. திருவிருந்து விஷயத்தில் கவனம் தேவை. மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் அதற்கு அதிகாரம் பெற்ற ஊழியரே நடத்த வேண்டும், ஆகவே பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் எதைச் செய்யலாம் என்று குறியுங்கள். ஒருவர் இல்லாமை ஆறு வாரத்தைத் தாண்டினால் அந்தச் சபையின் மேலதிகாரிக்கு, நோயுற்றவரின் சம்மதத்தோடு, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.