தராசும் புகார்க் குழுவும்: மலைத்தோட்ட மகளிர் கேள்வி–பதில்

எங்கள் தேயிலை எஸ்டேட் தொழிற்சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள்தான். போன வருஷம் மகளிர் குழு என்று ஒன்று போட்டார்கள். மார்ச் 8-க்குக் கோலம், மே தினத்துக்கு ஊர்வலத்தில் முன்வரிசை, அதோடு சரி. வேறென்ன செய்யலாம்?
– வாசகி, கோத்தகிரி

பறித்த கொழுந்தை (தேயிலைத் தளிர்) எடை போடும் தராசிலிருந்து தொடங்குங்கள். "எடையில் அடிக்கிறாங்க" என்று பொதுவாகச் சொன்னால் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளாது. கணக்காகச் சொல்ல வேண்டும்.

சாக்குக்கென்று ஒவ்வொரு எடைக்கும் கழிக்கிறார்கள் அல்லவா? வெயில் நாளில் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை வெறும் சாக்கை அதே தராசில் எல்லோர் முன்னிலையிலும் எடை போடச் சொல்லுங்கள். சாக்கு 400 கிராம், கழிப்பது 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு எடைக்கு 600 கிராம் போகிறது. நாளுக்கு மூன்று எடை என்றால் 1 கிலோ 800 கிராம். 25 நாளில் ஒரு ஆளுக்கு 45 கிலோ கொழுந்து! ஈரத்துக்கான கழிவு தனி. மழை விட்ட பிறகும் அதே கழிவு தொடர்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தகராறு வருவது அங்கேதான்.

தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கற்கள் வேண்டும். முதலில் 10 கிலோ, பிறகு 20 கிலோ வையுங்கள். பத்தில் சரியாகக் காட்டும் தராசு இருபதில் குறைத்துக் காட்டலாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வாங்க வேண்டும்; தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சான்றிதழில் உள்ள தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, எத்தனையாவது எடை, தராசு காட்டியது, கழித்தது, சீட்டில் எழுதியது. பத்துப் பேர் ஒரு மாதம் விடாமல் எழுதினால் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோக உங்கள் கையில் சரக்கு இருக்கும். மூன்று நாள் எழுதிவிட்டு நிறுத்தினால் பயனில்லை, "அன்னைக்கு மழை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

கூட்டத்தை டவுனில் உள்ள சங்க ஆபீசில் வைக்காதீர்கள். பஸ் பிடித்து வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள். லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வாசலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினாலே நிறைய வேலை நடக்கும். எஸ்டேட்டின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் (டிவிஷன்) ஒருவர், தற்காலிகத் தொழிலாளர் ஒருவர், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும்.

ஒரு சூப்பர்வைசர் தொடர்ந்து தவறாக நடந்துகொள்கிறார். அவரும் எங்கள் சங்கத்து ஆள்தான். "நம்ம மகளிர் குழுவே பேசி முடிச்சிடலாம், வெளியே போக வேண்டாம்" என்கிறார்கள். போதுமா?
– பெயர் வேண்டாம், பந்தலூர்

போதாது. சங்கத்தின் மகளிர் குழுவுக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நிர்வாகமே உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர். தலைமை அலுவலகத்தில் ஒரு குழு இருக்கிறது என்பது பதில் ஆகாது, எஸ்டேட்டிலும் இருக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம்.

நாளைத் தவறவிடாதீர்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். "பேசிக்கிட்டு இருக்கோம்" என்று சங்கம் இழுத்தடிக்கும் நாட்களும் இந்தக் கணக்கில்தான் ஓடும். பல புகார்கள் வீணாவது இப்படித்தான்.

உங்கள் மகளிர் குழு செய்ய வேண்டியது, உட்கார்ந்து எழுத உதவுவது. தேதி, நேரம், எந்தக் காடு (கொழுந்து பறிக்கும் இடம்), யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சொன்னார், என்ன செய்தார். "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், கூச்சமாக இருந்தாலும். ஆறு பிரதி, சாட்சிகளின் பெயர், முகவரி சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவ வேண்டியது புகார்க் குழுவின் கடமையும்கூட. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

இடைக்கால நிவாரணத்தை அதே நாளில் எழுதிக் கேளுங்கள். புகாருக்கு ஆளானவர் அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்று தடுக்கலாம். தோட்டத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்தப் பெண்ணின் கொழுந்து எடையை அந்த ஆள் குறிக்கக் கூடாது. பழிவாங்குவது முதலில் எடைச் சீட்டில்தான் தொடங்கும். இடமாற்றமும் கேட்கலாம். பெண்ணையே வேறு டிவிஷனுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவர் எழுதிக் கேட்காமல் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சமரசமும் அவர் கேட்டால் மட்டுமே, பணம் வாங்கி முடிப்பது கூடாது.

அந்தச் சூப்பர்வைசருக்காகப் பேசும் சங்க நிர்வாகி, இந்தப் பெண்ணின் புகாரைக் கையில் எடுக்கக் கூடாது. பெயரை லைனில் பேசவும் கூடாது. ரகசியம் காப்பது சட்டம்.

தற்காலிகத் தொழிலாளிக்குப் பிரசவ விடுப்பு உண்டா?
– வாசகி, கூடலூர்

உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்துடன் 26 வாரம். இரண்டு குழந்தை இருந்து மூன்றாவது என்றால் 12 வாரம். சிக்கல் வருவது வருகைப் பதிவேட்டில்தான், 80 நாள் தேறாதபடி பெயர் விடுபட்டிருக்கும். கர்ப்பம் உறுதியான மாதமே குழுவினர் நாளை எண்ணி, விடுபட்டதை எழுத்தில் கேட்க வேண்டும்.

தனிக் குழு வைத்தால் சங்கம் உடையும் என்கிறார்கள்.
– வாசகி, குன்னூர்

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும், பெரும்பாலும் தமிழர்களான தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டேகூட அண்டவிடவில்லை. உள்ளே பேச இடம் இல்லாததால்தான் வெளியே உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு வழி பிறந்தது.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் மகளிர் குழு தேர்ந்தெடுக்கும் இரண்டு பேர் இருக்க வேண்டும், கோரிக்கைப் பட்டியல் 15 நாளுக்கு முன் அவர்கள் கைக்கு வர வேண்டும். வாய்மொழியாகத் தலையாட்டினால் விடாதீர்கள். மினிட் நோட்டில் ஏற்றிக் கையெழுத்தான பிறகு எழுந்திருங்கள்.