படுத்தால் ஓர் அளவு, நின்றால் ஓர் அளவு

அன்புள்ள டீச்சர்,

செவிலிய உதவியாளர் பயிற்சியில் இருக்கிறேன். இந்த மாதம் முதியோர் வார்டு. ஒரு தாத்தா நான் கிட்டே போனாலே சத்தம் போடுகிறார். எழுந்து உட்காரச் சொன்னால் இன்னும் கோபம். ரவுண்ட்ஸுக்கு முன் இருபது பேருக்கு பி.பி. பார்க்க வேண்டும். சீனியர் அக்கா, "நேற்று போட்டதைப் பார்த்து 130/80 எழுதிடு" என்கிறார். சில நாள் அப்படித்தான் எழுதுகிறேன். கோபப்படுகிற பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது? கையுறையோடு தொட்டால் வருத்தப்படுவார்களா? இந்த வேலைக்கு நான் ஒத்து வருவேனா?

ம.

அன்புள்ள ம.,

ரத்தம், சிறுநீர், மலம், சளி, புண் என்றால் கையுறை கட்டாயம். கைபிடித்து நடத்திப் போவதற்கு வேண்டாம். ஒத்து வருவாயா என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது, அதை விடு. தாத்தாவுக்குக் காது கேட்கிறதா என்று பார்த்தாயா? வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். கத்தாதே. அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்.

ஆனால் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, 130/80 என்று, அதைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. முதியோர் வார்டு கேஸ் ஷீட்டுகளில் எல்லா அளவும் பூஜ்யத்தில் முடிவதைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அது தப்பு, ம. வேலை நெருக்கடி என்று சொல்லி அதை நியாயப்படுத்தாதே. அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார், அப்படியே தொடரச் சொல்வார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்" என்பது முதியவர்கள் விஷயத்தில் சுத்தமாகப் பொய். ஒரே ஆளுக்கே படுத்தால் ஒன்று, நின்றால் ஒன்று. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. உனக்கு ரத்தக்குழாய் உடனே இறுகி, இதயம் வேகமெடுத்துச் சமாளித்துவிடும். எண்பது வயதில் அந்தச் சுதாரிப்பு மந்தம். சர்க்கரை நோய், பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய், நீர் பிரிய மாத்திரை, புராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின் எல்லாம் அதை இன்னும் கெடுக்கும். படுத்திருக்கும்போது 130 இருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து நிற்கும்போது 95 ஆகலாம். கண் இருட்டும், விழுவார், இடுப்பு எலும்பு முறியும். கேஸ் ஷீட்டில் மட்டும் 130/80 அழகாக இருக்கும்.

சரியாகப் பார்ப்பது எப்படி? முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல். ஐந்து நிமிடம் படுக்க வை. அதுவரை சும்மா நிற்காதே, அடுத்த படுக்கைக்காரரின் பல்ஸைக் கையால் ஒரு நிமிடம் முழுதாக எண்ணு. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் டிஜிட்டல் மெஷினை நம்பாதே. சட்டைக் கைக்கு மேலே கப்பை, அதாவது கையில் சுற்றும் பட்டையை, கட்டாதே. ஒல்லிக் கைக்குப் பெரிய கப் கட்டினால் அளவு குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சின்னது கூட்டிக் காட்டும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடிக்கும் ரப்பர் பல்பை அழுத்து. நாடி மறைந்த பிறகு இன்னும் 30 ஏற்று. வயதானவர்களுக்கு இது முக்கியம். சிலருக்கு ஸ்டெதாஸ்கோப்பில் 190இல் கேட்கும் சத்தம் 165இல் மறைந்து 140இல் திரும்ப வரும். 160 வரை மட்டும் ஏற்றினால் 140 என்று எழுதி ஏமாந்து போவாய். இறக்கும்போது நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்கு.

பிறகு எழுப்பு. நர்ஸிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இன்னொருவரை நிறுத்திக்கொண்டு, பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு எழுப்பு. நின்ற முதல் நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு தடவை. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்: கை தொங்குகிறது. இதயத்துக்குக் கீழே பத்து செ.மீ. இறங்கினாலே 7, 8 கூடுதலாகக் காட்டும், விழுந்திருக்கிற அளவை அது மறைத்துவிடும். முன்கையை நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கிப் பிடி. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்திருந்தால் அப்போதே போய்ச் சொல். தலை சுற்றுகிறது என்றால் மூன்றாம் நிமிடத்துக்குக் காத்திராதே, உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்து.

இருபது பேரையும் எழுப்பி நிறுத்த முடியாது, தெரியும். ஏற்கெனவே விழுந்தவர்கள், தலை சுற்றல் சொல்பவர்கள், நான் சொன்ன நோயும் மாத்திரையும் உள்ளவர்கள், இவர்களில் யார் யாருக்கு என்று நர்ஸைக் கேட்டுப் பார். நேரம் இல்லாமல் போனால் "பார்க்கவில்லை" என்று எழுது. திட்டு விழும், வாங்கிக்கொள்.

எழுந்து உட்காரச் சொன்னால் கத்துகிறாரே உன் தாத்தா, அவருக்கு எழுந்தால் கண் இருட்டுகிறதோ என்னவோ, யாராவது கேட்டார்களா? நாளைக்கு அவரிடம் முதலில் போய்க் கேள். அளவோடு எந்தக் கை, படுத்தா நின்றா, எத்தனை மணிக்கு, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுது. கையால் பார்க்கும் மெஷினில் பார்த்துவிட்டு 127 என்று எழுதாதே, அதில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 126 அல்லது 128.