சிங்காசனத்தைச் சுற்றி: வெளிப்படுத்தல் 4, 5 அதிகாரங்கள் குறித்த கேள்வி பதில்

இன்றைக்கு, வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் யோவான் பரலோகச் சிங்காசனத்தைத் தரிசனமாகக் காணும் இந்த இரண்டு அதிகாரங்கள் மட்டும்தான். பல வருடம் கிரேக்கம் கற்றுக்கொடுத்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். மிருகம், 666, வருகையின் தேதி பற்றிக் கேட்காதீர்கள்.

அக்கா, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரலோகச் சிங்காசனத்தைப் படமாக வரைய வேண்டும். அதில் வீற்றிருப்பவரை எப்படி வரைவது?

வரையாதீர்கள். யோவானே வரையவில்லை. பார்வைக்கு வச்சிரக்கல்லுக்கும் பதுமராகத்துக்கும் ஒப்பாயிருந்தார், சுற்றிலும் மரகதம்போல் ஒரு வானவில் என்று நிறங்களைச் சொல்கிறார். முகம், வயது எதுவும் கிடையாது. பேச்சு உடனே சுற்றி இருப்பவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது.

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயாவும் அப்படித்தான். 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரைக் கண்டேன் என்கிறார்; ஆனால் நமக்குக் காட்டுவது வஸ்திரத்தொங்கலை. அந்த ஓரமே ஆலயத்தை நிரப்பிவிட்டது. சேராபீன்கள் என்னும் பரலோக ஜீவிகள் தங்கள் ஆறு செட்டைகளில் இரண்டால் முகத்தை மூடிக்கொள்கின்றன. எப்போதும் பக்கத்தில் நிற்பவைகளுக்கே அந்த நிலைமை. கேபார் நதியண்டையில் தரிசனம் கண்ட தீர்க்கதரிசி எசேக்கியேல் இன்னும் ஜாக்கிரதை: மகிமை என்று நேரே சொல்லாமல், மகிமையின் சாயல், அந்தச் சாயலின் தரிசனம் என்று ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குகிறார்.

பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து வானவில், கண்ணாடிக்கடல், ஏழு தீபங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். நடுவில் வெள்ளையாகவே இருக்கட்டும். “ஏன் டீச்சர் இங்கே ஒன்றுமில்லை?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

சிங்காசனத்தைச் சுற்றி சிங்கம், காளை, மனிதன், கழுகு போல இருக்கும் நான்கு ஜீவன்கள் நான்கு சுவிசேஷங்கள்தானே?

ஆதிச்சபை ஆசிரியர் ஐரேனியு கழுகை மாற்குவுக்குக் கொடுத்தார். பின்னால் வந்த வேத அறிஞர் ஜெரோம் அதை யோவானுக்குக் கொடுத்தார். வசனம் யாருக்கும் கொடுக்கவில்லை.

எசேக்கியேலில் ஒவ்வொரு ஜீவனுக்கும் நான்கு முகம், நான்கு செட்டை. இங்கே ஒரு முகம், ஆறு செட்டை. எது சரி?

இரண்டும். யோவான் எசேக்கியேலிடமிருந்து முகங்களையும் கண்களையும், ஏசாயாவிடமிருந்து ஆறு செட்டைகளையும் “பரிசுத்தர்” என்ற மும்முறைத் துதியையும் சேர்க்கிறார். உயிரியல் பாடமாகப் படித்தால் தலைதான் சுற்றும்.

சிங்காசனத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இருபத்துநான்கு மூப்பர்கள் மீட்கப்பட்ட மனிதர்களா, தூதர்களா?

வெண்வஸ்திரமும் கிரீடமும் முந்தைய இரண்டு அதிகாரங்களில் மனிதர்களுக்கு வாக்களிக்கப்பட்டவை. 1 நாளாகமம் 24-இல் ஆசாரியர் வகுப்புகளும் இருபத்துநான்கு. ஆகவே மனிதர்கள் என்பது நல்ல வாதம். ஆனால் முடிந்த வாதம் இல்லை.

சகோதரி, நான் ஒரு போதகர். 5:10-இல் அவர்களே “எங்களை ராஜாக்களும் ஆசாரியர்களுமாக்கினீர்” என்று பாடுகிறார்களே. இதற்குமேல் என்ன சந்தேகம்?

ஐயா, அந்த “எங்களை”தான் சிக்கல். 10-ஆம் வசனத்தில் கிரேக்கப் பிரதிகள் ஏறக்குறைய எல்லாமே “அவர்களை” என்கின்றன. 9-ஆம் வசனத்தின் “எங்களை” (இரத்தத்தால் எங்களை மீட்டுக்கொண்டீர் என்பது) பல பிரதிகளில் உண்டு, மிகப் பழைய கையெழுத்துப் பிரதியான சினாய்ப் பிரதியிலும் உண்டு. இன்னொரு பழைய பிரதியான அலெக்சாந்திரியப் பிரதியில் இல்லை. 1516-இல் எரஸ்மு என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்தப் புத்தகத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரே பிரதி. அதிலும் கடைசித் தாள் இல்லை. லத்தீனிலிருந்து திருப்பி மொழிபெயர்த்து ஒட்டினார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த அச்சு மரபில் வந்தது.

அப்படியானால் எங்கள் முன்னோர் வாசித்த வேதம் தப்பா? 9-ஆம் வசனத்தில் “எங்களை” இருந்தால் போதுமே!

தப்பு என்று நான் சொல்லவில்லை. போதுமா என்று பார்ப்போம். 8-ஆம் வசனத்தில் நான்கு ஜீவன்களும் மூப்பரோடு சேர்ந்து விழுகின்றன. பாட்டு இருவருக்கும் பொது என்றால், சிங்கமும் காளையுமா இரத்தத்தால் மீட்கப்பட்டன?

சுரமண்டலம் பிடித்திருப்பவர்கள் மூப்பர்கள் மட்டுமே. பாடுகிறவர்களும் அவர்களே.

இருக்கலாம். இலக்கணம் அதற்கு இடம் தருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 7:14-இல் ஒரு மூப்பர் மீட்கப்பட்டவர்களைக் காட்டி “இவர்கள்” என்கிறார், “நாங்கள்” என்று சொல்லவில்லை. அதையும் கணக்கில் வையுங்கள் ஐயா.

அக்கா, மூப்பர்கள் சபை என்றால் சபை 4:1-இலேயே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டதா? எந்த வருடம்?

தேதி வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

சிங்காசனத்தில் இருக்கிறவருக்குத் தாடி உண்டா?

தம்பி, முதல் பதில்.

மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன் ஏன் வைக்கிறார்கள்? கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். கி.பி. 63-இல் அர்மேனியாவின் அரசன் திரிதாத்து தன் மகுடத்தைக் கழற்றி ரோம இராயன் நீரோவின் சிலையின்முன் வைத்தான். 66-இல் ரோமுக்குப் போய் நீரோ கையாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். இராஜ்யம் யாருடைய தயவில் நிற்கிறது என்று ஊரறியச் சொல்லும் சடங்கு. இந்தப் புத்தகத்தை முதலில் வாசித்த ஆசியாவின் (இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த ரோம மாகாணம்) சபைகளுக்கு அந்த உலகம் நன்றாகத் தெரியும். இராயனுக்கு முன்னால் வைப்பதை மூப்பர்கள் யாருக்கு முன்னால் வைக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் “பாத்திரராயிருக்கிறீர்” என்று பாடுவதை வாசியுங்கள்.

நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். முடிவே இல்லாமல் பாடினால் சலிக்காதா?

5-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஜீவன்களும் மூப்பரும் இருக்கும் வட்டத்தில் பாட்டு தொடங்குகிறது. பிறகு பதினாயிரம் பதினாயிரமான தூதர்கள். பிறகு வானம், பூமி, பூமியின்கீழ், சமுத்திரம் எங்கும் உள்ள சிருஷ்டி யாவும். ஒரே பாட்டு இல்லை. ஒவ்வொரு வட்டமும் தன் அடியைப் பாடுகிறது. எல்லாம் முழங்கி முடிந்தபின் நான்கு ஜீவன்கள் சொல்வது ஒரே வார்த்தை: ஆமென். இன்னொன்று, 8:1-இல் ஏறக்குறைய அரைமணி நேரம் பரலோகமே அமைதியாகிறது. உங்கள் குழுத் தலைவரிடம் அதையும் காட்டுங்கள்.

சகோதரி, அந்த 7:14...

நாளைக்கு, ஐயா.