கடைசி நாளில் மேல்முறையீடு: கொடுத்ததற்கு என்ன சாட்சி?

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு முடியப்போகிறது, தபாலில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகம் பக்கத்தில் இருந்தால் நேரிலேயே போய்விடுங்கள். தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். முத்திரை விழாமல் நகராதீர்கள். தேதி மங்கலாக விழுந்திருந்தால் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொலைவு என்றால் ஒப்புகை அட்டையுடன் விரைவுத் தபால். அட்டையில் ‘முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1)’ என்று குறிப்பிடுங்கள். உறைக்குள் வெற்றுத்தாள்தான் இருந்தது என்று சாதிக்கவும் ஆளுண்டு. அட்டை திரும்பி வராமலும் போகலாம். இணையத்தில் பட்டுவாடா விவரத்தை உடனே அச்செடுத்துவிடுங்கள். ரசீதின் மை வெளிறிவிடும், அதையும் நகலெடுங்கள். கெடு தாண்டினாலும் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.