காயத்தை மட்டும்தான் எழுத வேண்டுமா?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸைப் பற்றி உயர்வாக எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். ஃப்ளாஷ் புகைப்படம் பற்றி ஒரு பாடநூல், காதல் கவிதைகள், ஐரிஷ் குடும்பம் பற்றி ஒரு நாவல், தன்வரலாறே மூன்று நான்கு என்று கண்டபடி எழுதியிருக்கிறார். நிறவெறியை எதிர்த்தவர் என்றால் அதிலேயே நின்றிருக்க வேண்டாமா? அன்றாடக் கதைகளிலும் கவிதைகளிலும் நேரத்தை வீணாக்கிவிட்டாரோ?

பதில்: 'கண்டபடி' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பலரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1942. கறுப்பினத்தவரான பார்க்ஸுக்கு 29 வயது. கிராமப்புற வறுமையைப் படமெடுத்து ஆவணமாக்கிக்கொண்டிருந்த அரசுப் பிரிவு ஒன்றில் சேர வாஷிங்டனுக்கு வருகிறார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் முதல் நாளே அவருடைய கேமராவை வாங்கி வைத்துக்கொள்கிறார். போய் ஒரு கோட்டு வாங்கு, ஹோட்டலில் சாப்பிடு, ஒரு சினிமா பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார். துணிக்கடையில் இவரைக் கவனிக்க யாரும் வரவில்லை. ஹோட்டலில் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். தியேட்டரில் உள்ளேயே விடவில்லை. கொதித்துப் போய்த் திரும்பினார் மனிதர்.

கோட்டு, சாப்பாடு, சினிமா. இதில் எது அன்றாடம் இல்லை? அன்றாடத்தை விட்டுவிட்டுப் பாகுபாட்டை வேறு எங்கே போய்ப் படமெடுப்பது?

அதே அலுவலகத்தில் மாலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் 'எல்லா வாட்சன்' என்ற கறுப்பினப் பெண். இந்த ஊரில் வெகுகாலம் வாழ்ந்த ஒரு கறுப்பினத்தவரிடம் போய்ப் பேசிப் பார் என்று ஸ்ட்ரைக்கர் சொல்ல, பார்க்ஸ் அவரிடம் பேசினார். அப்புறம் எடுத்ததுதான் உலகத்துக்கே தெரிந்த அந்தப் படம். பின்னால் அமெரிக்கக் கொடி தொங்குகிறது. முன்னால் புள்ளி போட்ட கவுனும் கண்ணாடியுமாக வாட்சன், கையில் நிமிர்த்திப் பிடித்த துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப். முகத்தில் கோபம் என்றும் சொல்ல முடியாது, பணிவு என்றும் சொல்ல முடியாது. வருடம் 1,080 டாலர் சம்பளத்தில் ஆறு பேர் கொண்ட குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர், 26 வருட அரசு ஊழியர் என்று பார்க்ஸ் எடுத்த படங்களுக்கான குறிப்பு சொல்கிறது.

நீங்கள் கேட்பதுபோல் 'அதிலேயே நின்றிருந்தால்' பார்க்ஸ் அந்த ஒரு படத்தோடு கிளம்பியிருக்கலாம். அவர் போகவில்லை. வாரக்கணக்கில் வாட்சனின் வீட்டுக்கும் தெருவுக்கும் தேவாலயத்துக்கும் போய் வந்தார். பேரப்பிள்ளைகள், வளர்ப்பு மகள், வீட்டுக்குள் வைத்திருந்த சின்னப் பூஜை மேடை என்று எல்லாவற்றையும் எடுத்தார். கொடிக்கு முன்னால் நிற்கிறவர் ஓர் அடையாளம். அந்த மற்றப் படங்களில் இருக்கிறவர் ஒரு பாட்டி. இரண்டில் எது பாகுபாட்டுக்கு அதிகத் தொந்தரவு தரும் என்று என்னைக் கேட்டால், பாட்டிதான் என்பேன். 'அந்த மக்கள்' என்று மொத்தமாகத் தள்ளுகிறவருக்கு, பேரனுக்குச் சோறு போடும் ஒரு கையைத் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை.

1956இல் 'லைஃப்' பத்திரிகைக்காக அலபாமாவுக்குப் போய் எடுத்த வண்ணப் படங்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். மோபில் நகரில் ஒரு பெரிய கடையின் வாசல். ஓர் இளம்பெண்ணும் ஒரு சிறுமியும் விசேஷத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு நிற்கிறார்கள். தலைக்கு மேலே சிவப்பு நியான் விளக்கில் 'கறுப்பர் வாசல்' என்ற பலகை. அந்தப் பெண்ணின் தோளில் உள்ளாடைப் பட்டி லேசாக நழுவிக் கிடக்கிறது. முதலில் பலகைதான் கண்ணில் படும். கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தப் பட்டியில் கண் நின்றுவிடும். அத்தனை அக்கறையாக உடுத்தி வந்த ஒருவர் அந்தப் பலகைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது. அது உறைக்கும்போது தொண்டை அடைக்கிறது. அந்தத் தொடர் வெளியானதும், அதில் இடம்பெற்ற ஓர் ஆசிரியை வேலையை இழந்தார், குடும்பமே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அன்றாடத்தைக் காட்டியதற்கே இந்தத் தண்டனை.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். 1963இல் வந்த நாவல் 'தி லேர்னிங் ட்ரீ'. பார்க்ஸ் பிறந்தது கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூர், 15 பிள்ளைகளில் கடைசி. அந்த ஊரைத்தான் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார். புயல், பழத்தோட்டத்தில் திருட்டு, முதல் காதல், அம்மாவின் கண்டிப்பு என்று ஒரு பையன் வளரும் கதை. அதற்குள் ஒரு கொலை. கொன்றவர் கறுப்பினத்தவர், பழி விழுந்ததோ ஒரு வெள்ளைக்காரர்மேல். உண்மையைப் பார்த்த ஒரே சாட்சி இந்தக் கறுப்பினப் பையன். சொன்னால் தன் மக்கள்மேல் எவ்வளவு வெறுப்பு கிளம்பும் என்று அவனுக்குத் தெரியும். 'நிறவெறி ஒழிக' என்று மட்டும் எழுத உட்கார்ந்தவருக்கு இப்படி ஒரு முடிச்சு கிடைத்திருக்காது.

அந்த ஃப்ளாஷ் புத்தகத்தையும் எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எதற்கு, வீட்டுவேலையும் சுமைவேலையும்தானே செய்யப்போகிறீர்கள் என்று ஆசிரியையே சொன்ன பள்ளியில் படித்தவர் அவர். அதைக்கூட முடிக்கவில்லை. கேமராவை அடகுக்கடையில் வாங்கித் தானே பழகியவர். அப்படிப்பட்டவர் 1947இல் தொழில்நுட்பப் பாடநூல் எழுதி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கவிதைகளில் சில எனக்கும் ஒட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1981இல் ஐரிஷ் குடியேறிகளைப் பற்றியும், 2003இல், 90 வயதில், இங்கிலாந்து ஓவியர் டர்னரைப் பற்றியும் நாவல் எழுதியதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். இன்னொருவர் வெனிஸ் நகரத்துச் சூரியோதயத்தைப் பற்றி எழுதினால் ரசனை என்கிறோம். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் அதையே எழுதினால் ஏன் பாதை மாறினாய் என்கிறோம். உனக்கு ஒதுக்கிய வாசல் அது, அதன் வழியாகவே வா என்று சொல்வதும் இதுவும் வேறுவேறு என்று என்னால் நினைக்க முடியவில்லை. நம் பத்திரிகை உலகத்திலும் இது நடக்கிறது. தலித் எழுத்தாளரிடம் கொடுமையைப் பற்றிக் கட்டுரை கேட்கிறோம். சமையலைப் பற்றியோ சங்கீதத்தைப் பற்றியோ கேட்கத் தோன்றுவதில்லை.

நாவலில் ஆரம்பியுங்கள். அப்புறம் 1966இல் வந்த முதல் தன்வரலாறு. அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கடுங்குளிரில் தங்க இடமில்லாமல் டிராம் வண்டிக்குள்ளேயே இரவுகளைக் கழித்த பையனை அதில் சந்திப்பீர்கள். படித்துவிட்டு எழுதுங்கள். 'கண்டபடி' என்ற சொல் அப்போதும் உங்கள் கடிதத்தில் இருந்தால், அதையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.