வாசகர் கேள்வி – பதில்: லிபியா வானில் ஏழு மாதங்கள்

2011-ஆம் ஆண்டு லிபியாவில் கடாஃபியின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, அந்நாட்டின் மீது பல நாடுகள் சேர்ந்து, பெரும்பகுதி நேட்டோ எனும் மேற்கத்திய இராணுவக் கூட்டணியின் தலைமையில் நடத்திய வான்தாக்குதல் குறித்துச் சென்ற இதழில் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

"நேட்டோ தினந்தோறும் வெளியிட்ட அறிக்கையில் பறப்புகள் இத்தனை, தாக்குதல் பறப்புகள் இத்தனை என்று எண்கள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். 50 தாக்குதல் பறப்புகள் என்றால் 50 இடங்களில் குண்டு விழுந்தது என்று பொருளா?" – ஒரு வாசகர், தஞ்சாவூர்

இல்லை. ஒரு விமானம் தளத்திலிருந்து ஒருமுறை கிளம்பிச் சென்று திரும்புவது ஒரு பறப்பு. குண்டு சுமந்து செல்லும் போர் விமானம், நடுவானில் எரிபொருள் வழங்கும் டேங்கர், படம் எடுக்கும் வேவு விமானம், முதுகில் ராடாரைத் தாங்கிய அவாக்ஸ் கண்காணிப்பு விமானம் ஆகிய எல்லாமே அந்தக் கணக்கில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. இலக்கைத் தேடித் தாக்கும் நோக்கத்துடன் கிளம்பியவை மட்டும் தாக்குதல் பறப்புகள் என்று தனியே எண்ணப்பட்டன. அவையும் ஒவ்வொரு முறையும் ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என்ற குறிப்பு அதே அறிக்கையில் இருந்தது. செய்தித்தாள்களில் பெரும்பாலும் எண்கள் மட்டுமே வந்தன.

நேட்டோ தலைமையேற்ற மார்ச் 31 முதல் அக்டோபர் 31 வரை 26,500-க்கும் மேற்பட்ட பறப்புகள் நடந்தன. அவற்றுள் தாக்குதல் பறப்புகள் சுமார் 9,700. ஆனால் வீசப்பட்ட குண்டுகளும் ஏவுகணைகளும் 7,600-ஐச் சற்றே தாண்டின. ஒரு விமானம் ஒரே பயணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தாக்கச் சென்ற விமானங்களில் கணிசமானவை எதையும் வீசாமலே திரும்பியிருக்க வேண்டும் என்பது விளங்கும். இதற்குப் போர்க்களத்தின் தன்மையே முக்கியக் காரணம். முதல் நாட்களில், கிளர்ச்சியாளர்களின் கையிலிருந்த பெங்காசி நகரை நோக்கிச் சென்ற கடாஃபி படையின் டாங்கிகள் திறந்த பாலைவனச் சாலையில் எளிதாக அகப்பட்டன. அதன்பின் கடாஃபியின் படையினர் டாங்கிகளை ஊருக்குள் மறைத்துவிட்டு, கிளர்ச்சியாளர்கள் ஓட்டியதைப் போன்ற பிக்கப் வண்டிகளிலேயே நடமாடத் தொடங்கினார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு இரு தரப்பும் ஒன்றுபோலத் தோன்றின. ஏப்ரல் 7 அன்று பிரேகா அருகே நேட்டோ விமானங்கள் கிளர்ச்சியாளர்களின் டாங்கிகளையே தாக்கின. அவர்களிடம் டாங்கிகள் இருப்பது தங்களுக்குத் தெரியாது என்று நேட்டோ தரப்பு பிறகு விளக்கமளித்தது.

பறப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு போரின் வேகத்தைக் கணிப்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் 2011 ஜூன் 10 அன்று பிரசல்ஸில் ஆற்றிய உரையில், நாளொன்றுக்கு 300-க்கும் மேற்பட்ட பறப்புகளைக் கையாள்வதற்கென அமைக்கப்பட்ட கட்டுப்பாட்டு மையம் 150-ஐ நடத்தவே திணறுகிறது என்றும், 11 வாரங்களிலேயே பல நட்பு நாடுகளிடம் குண்டுகள் தீர்ந்து வருகின்றன என்றும் வெளிப்படையாகக் குறைகூறினார். எனவே ஒரு வாரத்தில் எண் குறைந்தால், எதிரி பலவீனமடைந்தான் என்றும் கொள்ளலாம். விமானமோ குண்டோ போதவில்லை என்றும் கொள்ளலாம். அறிக்கையைப் படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

என் கருத்தில், அந்த அறிக்கைகளில் அதிகம் பயன்பட்டது அன்று தாக்கப்பட்ட ஊர்களின் பட்டியல்தான். ஏப்ரலில் மிஸ்ராட்டாவும் அஜ்தாபியாவும், கோடையில் பிரேகாவும் ஸ்லிட்டானும், ஆகஸ்ட் இறுதியில் திரிப்போலி வீழ்ந்த பிறகு சிர்ட்டும் பனி வாலிதும் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு நிலப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை வாரந்தோறும் குறித்து வந்தவருக்குப் போர்முனை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது நன்றாகவே புரிந்திருக்கும்.

"ஒரே போருக்கு ஏன் பல பெயர்கள்? உண்மையில் யார் தலைமை தாங்கினார்கள்?" – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

மார்ச் 19 அன்று பாரிஸில் தலைவர்களின் கூட்டம் முடிந்ததும் முடியாததுமாகப் பிரெஞ்சு விமானங்கள் பெங்காசி அருகே முதல் தாக்குதலை நடத்தின. அன்றிரவே அமெரிக்க, பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்தும் நீர்மூழ்கிகளிலிருந்தும் 110-க்கும் மேற்பட்ட டாமஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன. அப்போது ஒருங்கிணைந்த தலைமை உருவாகவில்லை. ஒவ்வொரு நாடும் தன் படைக்குத் தானே உத்தரவிட்டு, தனக்கென ஒரு பெயரும் வைத்துக்கொண்டது: பிரான்ஸ் ஹர்மத்தான், பிரிட்டன் எலமி, கனடா மொபைல், அமெரிக்கா ஒடிசி டான். மார்ச் 31-இல் நேட்டோ முழுப் பொறுப்பையும் ஏற்ற பிறகே 'யூனிஃபைட் புரொடெக்டர்' என்ற ஒரே பெயரும், நேப்பிள்ஸில் அமர்ந்த கனடியத் தளபதி சார்ல்ஸ் பூஷார்டின் தலைமையும் வந்தன.

ஆனால் தலைமை ஒன்றானாலும் பங்கு ஒன்றாகவில்லை. நேட்டோவின் 28 உறுப்பினர்களில் எட்டு நாடுகள் மட்டுமே தரை இலக்குகளைத் தாக்கின. ஜெர்மனி விலகி நின்றது. சிறிய நாடான நார்வே 588 குண்டுகளை வீசிவிட்டு ஜூலை இறுதியில் தன் விமானங்களைத் திருப்பியழைத்துக்கொண்டது. நேட்டோவில் இல்லாத சுவீடன் அனுப்பிய கிரிப்பன் விமானங்கள் தாக்குதலில் ஈடுபடாமல் வேவு மட்டுமே பார்த்தன. அவை சிசிலியின் சிகொனெல்லா தளத்தில் இறங்கியபோது, அங்கிருந்த எரிபொருள் அமெரிக்கக் கடற்படை விமானங்களுக்கானதாக இருந்ததால் தொடக்கத்தில் அவற்றை முழுமையாக இயக்க முடியவில்லை. பன்னாட்டுப் படை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பொருத்தமின்மைகளைத் தீர்ப்பதிலேயே அதன் உழைப்பில் பெரும்பங்கு கழிகிறது.

"இந்தியா ஏன் ஆதரவாக வாக்களிக்கவில்லை?" – ஒரு வாசகர், திருநெல்வேலி

மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில், லிபியக் குடிமக்களைக் காக்க நடவடிக்கை எடுக்க அனுமதித்த 1973-ஆம் எண் தீர்மானத்துக்கு 10 நாடுகள் ஆதரவளித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்ப்பு வாக்கு ஒன்றும் விழவில்லை. ஐ.நா. பொதுச்செயலர் அனுப்பிய சிறப்புத் தூதரின் அறிக்கை இன்னும் வரவில்லை, களநிலவரம் குறித்து நம்பத்தகுந்த தகவல் அதிகமில்லை, இந்நிலையில் சபை முடிவெடுக்கிறது என்பதே இந்தியப் பிரதிநிதி கூறிய விளக்கம். குடிமக்களைக் காக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்ற தீர்மானத்தின் தொடர் எவ்வளவு தூரம் நீளும் என்பது அன்று எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. அக்டோபர் 20 அன்று சிர்ட்டிலிருந்து தப்பியோடிய கடாஃபியின் வாகன வரிசையை நேட்டோ விமானங்கள் தாக்கியதையும், அதன்பின் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டதையும் வைத்துப் பார்க்கும்போது, அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

"அரசு அறிக்கைகளைத் தவிர, சாதாரண மக்கள் இந்தப் போரைப் பின்தொடர வழி இருந்ததா?" – ஒரு வாசகர், திருச்சி

ஓரளவுக்கு இருந்தது. டேங்கர், அவாக்ஸ் போன்ற பெரிய விமானங்கள் வெளியிடும் அடையாளக் குறிகளை ஐரோப்பாவின் விமான ஆர்வலர்கள் பிடித்து, எந்தத் தளத்திலிருந்து எது கிளம்பியது என்று கவனித்து வந்தார்கள். லிபியக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று அமெரிக்க விமானம் ஒன்று 6,877 கிலோஹெர்ட்ஸ் சிற்றலையில் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு மொழிகளில் விடுத்த எச்சரிக்கையை, நெதர்லாந்தில் தன் வீட்டிலிருந்தபடி ஓர் ஆர்வலர் கேட்டுப் பதிவுசெய்தார். ஆனால் இவர்கள் கேட்டதெல்லாம் விமானங்களின் குரல். குண்டு விழுந்த இடத்திலிருந்து எந்தக் குரலும் அந்த அலைவரிசைகளில் வரவில்லை.

"பொதுமக்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? நேட்டோ அதை ஒப்புக்கொண்டதா?" – ஒரு வாசகர், மதுரை

ஐ.நா. விசாரணைக் குழு 20 தாக்குதல்களை நேரில் ஆராய்ந்து, அவற்றில் ஐந்தில் 60 குடிமக்கள் இறந்ததாக 2012 மார்ச்சில் அறிவித்தது. 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு அதே ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆய்வு, எட்டுத் தாக்குதல்களில் 72 பேர் இறந்ததாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கூறியது. ஏழு மாதக் குண்டுவீச்சை எண்ணும்போது இவை குறைவான எண்கள்தான். துல்லியமாக வழிகாட்டப்படும் ஆயுதங்களை மட்டுமே பயன்படுத்தியதாக நேட்டோ சொன்னதை இந்த ஆய்வுகள் மறுக்கவில்லை. ஆனால் இவை ஆராயப்பட்ட இடங்களின் கணக்கு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

மிகப் பெரிய உயிரிழப்பு ஆகஸ்ட் 8 இரவு, ஸ்லிட்டானுக்குத் தெற்கே மாஜெர் கிராமத்தில் நேர்ந்தது. முதலில் விழுந்த குண்டுகளில் 16 பேர் இறந்தார்கள். இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்க அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கூடியபோது மறுபடியும் குண்டு விழுந்து மேலும் 18 பேர் மாண்டார்கள். அது படைகள் கூடும் இடம் என்று நேட்டோ கூறியது. விசாரணைக் குழுவோ அங்கு இராணுவப் பயன்பாட்டுக்கான சான்று எதையும் காணவில்லை.

ஜூன் 19 அன்று திரிப்போலியில் ஒரு வீட்டின் மீது குண்டு விழுந்ததை மட்டும் ஆயுதக் கோளாறு என்று நேட்டோ அன்றே ஏற்றுக்கொண்டது. மற்றவற்றில், தான் தாக்கியவை இராணுவ இலக்குகளே என்ற நிலையிலிருந்து அது இறங்கவில்லை. தரையில் தன் படை இல்லாததால் நேரில் சரிபார்க்க இயலாது என்று விளக்கமும் தந்தது. தரைப்படையை அனுப்பாததற்கு, ஆக்கிரமிப்புப் படை கூடாது என்று ஐ.நா. தீர்மானமே தடைவிதித்திருந்தது என்பது நியாயமான காரணம். போர் முடிந்து, விசாரணைக் குழுவும் மனித உரிமை ஆய்வாளர்களும் மாஜெருக்கே சென்று உயிர்தப்பியவர்களிடம் பேசித் திரும்பிய பிறகும், நேட்டோ தன் தரப்பிலிருந்து ஒருவரையும் அங்கு அனுப்பி விசாரிக்காததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.