இளநீர் ஊற்றினால் செடியின் செல்கள் வேகமாகப் பிரியுமா? பிரிதலைத் தடுக்கும் இயற்கைப் பொருளும் உண்டா?

சோதனைக் குடுவைக்குள் பிரியும். ஆனால் இளநீர் மட்டும் போதாது. வாழைத் திசு வளர்ப்புக் கூடமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் எழுதுகிறேன்.

இளநீர் என்பது தென்னங்கருவுக்கு உணவூட்டும் திசுவின் திரவ நிலை. அதில் செல்சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே இருக்கும். பிறகு அவை ஓரமாக ஒதுங்கிச் சுவர் எழுப்பிக்கொள்ளும்போதுதான் வழுக்கை படிகிறது. அத்தகைய நீரில் பிரிதலைத் தூண்டும் பொருள் இருப்பதில் வியப்பில்லை. 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை இளநீர் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார்கள்.

அந்தப் பொருள் எது என்ற தேடலில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் தண்டின் நடுத்திசுவை வைத்துச் சோதித்தார்கள். ஆக்சின் என்ற தாவர ஹார்மோனை மட்டும் கொடுத்தால் செல்கள் பருத்தனவே தவிரப் பிரியவில்லை. 1955-இல் ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ.வை ஆட்டோகிளேவ் என்ற உயரழுத்த நீராவிக் கலனில் சூடாக்கிப் பிரித்தெடுத்த கைனடினைச் சேர்த்ததும் பிரியத் தொடங்கின. (தாவரக் கேள்விக்கு மீனிடமிருந்து விடை கிடைத்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.) கைனடின்போல் செல் பிரிதலைத் தூண்டும் ஹார்மோன்களைச் சைட்டோகைனின் என்பார்கள். செடிகளே தயாரிக்கும் சைட்டோகைனினான சியாட்டின் பின்னர் முற்றாத மக்காச்சோள மணிகளிலும், அதன்பின் இளநீரிலும் கண்டறியப்பட்டது.

செல் பிரிதலைத் தொடங்கிவைக்கும் சைக்ளின்-டி என்ற புரதத்தின் அளவைச் சைட்டோகைனின் கூட்டுகிறது; ஆக்சின் அதனோடு சேர்ந்து இயங்கும் கைனேஸ் நொதி உருவாக உதவுகிறது; இரண்டும் இணைந்தால்தான் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் கட்டத்துக்குள் நுழைகிறது. ஆகவே தனி ஹார்மோனைவிட விகிதமே முக்கியம். ஆக்சின் ஓங்கினால் வேரும், சைட்டோகைனின் ஓங்கினால் குருத்தும், இரண்டும் ஏறத்தாழச் சமமானால் கேலஸ் என்ற உருவமற்ற செல்திரளும் வரும் என்பதை 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் காட்டினார்கள். எங்கள் கூடத்தில் ஒருமுறை பென்சைல் அடினைன் என்ற சைட்டோகைனினின் அளவு தவறிக் கூடிவிட்டது. அந்தக் குடுவைகளில் வாழைக்குருத்துகள் நீளாமல், காலிஃபிளவர்போல் திரண்டு நின்றன.

தடுக்கும் பொருளும் உண்டு. நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகள் உருவாகவிடாது. படியெடுத்த குரோமோசோம்கள் ஒரே செல்லுக்குள் தங்கி இரட்டிப்பாகின்றன. அவ்வாறு இரட்டிப்பான தர்பூசணியைச் சாதாரணத் தர்பூசணியோடு கலந்து பெறும் விதையை விதைத்துத்தான், விதையில்லாப் பழங்களை விளைவிக்கிறார்கள்.